வாசகர் கேள்விகள்: செர்பியரின் சாப்பாட்டு மேசை

சென்ற இதழில் செர்பியத் தலைநகர் பெல்கிரேடு பற்றி எழுதியபோது, "இந்த ஊரில் பசியோடு இருப்பது கடினம்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதை விளக்கச் சொல்லி வந்த கடிதங்கள் மற்ற எல்லாக் கடிதங்களையும் விட அதிகம். இரண்டு ஆண்டுகள் வேலை நிமித்தம் அங்கே குடியிருந்தவன் என்ற உரிமையில், இந்த மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் மகனுக்கு பெல்கிரேடில் வேலை கிடைத்திருக்கிறது. நாங்கள் பரம்பரைச் சைவம். இறைச்சி இல்லாமல் அங்கே ஒரு வேளைகூடச் சாப்பிட முடியாது என்கிறார்களே, உண்மையா? (சேலத்திலிருந்து ஒரு வாசகி)

உணவகத்தின் விலைப்பட்டியலை மட்டும் பார்த்தால் உண்மை என்றுதான் தோன்றும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கரியடுப்பில் சுட்ட இறைச்சி, அதற்குத் துணையாகப் புகையூட்டிய இறைச்சி, அதற்கும் முன்னால் சூப்பில் இறைச்சி என்றுதான் அது போகும். ஆனால் செர்பியர்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் என்பதும், அந்தச் சபையின் நாட்காட்டியில் ஆண்டின் பெரும்பகுதி நோன்பு நாட்கள் என்பதும் பட்டியலில் தெரியாது. புதனும் வெள்ளியும் நோன்பு; ஈஸ்டருக்கு முந்திய ஏழு வாரங்கள் நோன்பு; கிறிஸ்துமஸ் அவர்களுக்கு ஜனவரி 7 என்பதால் நவம்பர் 28 முதல் ஜனவரி 6 வரை நாற்பது நாள் நோன்பு; கோடையில் இன்னும் இரண்டு. இந்த நாட்களில் இறைச்சி மட்டுமல்ல, பால், தயிர், சீஸ், வெண்ணெய், முட்டை எதுவும் கூடாது. எல்லோரும் இதை முழுமையாகக் கடைப்பிடிப்பதில்லை என்றாலும், நூற்றாண்டுக் கணக்கில் கடைப்பிடித்து வந்ததால் இறைச்சிக்கு இணையாக இன்னொரு சமையலே அங்கே வளர்ந்திருக்கிறது.

அந்தச் சமையலுக்கு உரிய சொல் 'போஸ்னோ'. உங்கள் மகன் விமானம் ஏறுவதற்கு முன் மனப்பாடம் செய்ய வேண்டிய முதல் செர்பியச் சொல் அதுதான். நான் போன புதிதில் "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று சொன்னபோதெல்லாம் உணவகப் பணியாளர்கள் என்னை நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, சீஸ் பொரித்துத் தரட்டுமா, கோழி பரவாயில்லையா என்றெல்லாம் கேட்டார்கள். "போஸ்னோ ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கத் தொடங்கிய பிறகு அந்தப் பார்வை மாறியது, அது அவர்களுடைய பாட்டியின் சமையல். நோன்பு காலத்தில் பேக்கரிகளில் உருளைக்கிழங்கு, ஆப்பிள், பூசணி, செர்ரி வைத்துச் சுருட்டிய 'பீத்தா' கிடைக்கும். அரிசியும் காய்கறியும் சேர்த்து அடுப்பில் சுட்ட 'ஜூவெச்', இறைச்சிக்குப் பதில் அரிசியும் காளானும் அடைத்த குடைமிளகாய், வெங்காயத்தோடு சுட்ட வெள்ளை பீன்ஸ் ஆகியவை எந்தச் சைவரும் தயங்காமல் சாப்பிடக்கூடியவை.

இரண்டு எச்சரிக்கைகள். நோன்பின் பல நாட்களில் மீனுக்கு அனுமதி உண்டு; ஆகவே போஸ்னோ என்றால் மீன் கிடையாது என்று பொருளல்ல. 'பெஸ் ரீபே', அதாவது மீன் இல்லாமல், என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அடுத்தது, நோன்பல்லாத நாட்களில் சமையலுக்கும் பேக்கரி மாவுக்கும் பன்றிக் கொழுப்பைப் பயன்படுத்தும் பழக்கம் இன்னும் போய்விடவில்லை. இறைச்சியே கண்ணுக்குத் தெரியாத பண்டத்திலும் அது இருக்கலாம். போஸ்னோ என்று கேட்டு வாங்கினால் அந்தக் கவலை இல்லை.

ஒரே ஒரு செர்பியப் பண்டத்தைச் சுவைத்துப் பார்க்க வாய்ப்பு என்றால் எதைச் சொல்வீர்கள்? (கோயம்புத்தூர் வாசகர்)

அய்வார். யோசிக்கவே மாட்டேன்.

சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, எண்ணெயில் மணிக்கணக்கில் கிண்டி எடுக்கும் தொக்கு என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அது செப்டம்பர் மாதத்தைப் பற்றிச் சொன்னதாகாது. 'ரோகா' என்ற பெயருடைய, கொம்பு போல் நீண்டு சதைப்பற்றோடு இருக்கும் மிளகாய் அந்த மாதத்தில்தான் முழுச் சிவப்பாகச் சந்தைக்கு வரும். மக்கள் கிலோக் கணக்கில் அல்ல, மூட்டைக் கணக்கில் வாங்குவார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பின்முற்றங்களில் விறகடுப்புகள் முளைக்கும். சில நாட்களுக்கு ஊரெல்லாம் மிளகாய்த் தோல் கருகும் மணம்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த அம்மையார் என்னையும் ஒரு சனிக்கிழமை உட்கார வைத்தார். இரும்புத் தகட்டில் மிளகாயைப் புரட்டிப் புரட்டித் தோல் முழுவதும் கருகும் வரை சுட்டு, சூடு ஆறுவதற்குள் ஒரு பெரிய பானையில் போட்டு மூடிவிட வேண்டும். உள்ளே அது தன் ஆவியிலேயே வியர்த்துத் தோல் கழன்றுகொள்ளும். பிறகு ஒவ்வொன்றாகக் காம்பைப் பிடித்துத் தோலையும் விதையையும் விரலால் வழித்தெடுக்க வேண்டும். தண்ணீரில் அலசினால் வேலை எளிதாகும் என்று நான் குழாயடிக்கு எழுந்தபோது, அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அலசினால் புகை மணம் போய்விடுமாம். இரவு முழுவதும் நீர் வடியவிட்டு, மறுநாள் கை இயந்திரத்தில் அரைத்து, அகன்ற பாத்திரத்தில் எண்ணெயும் உப்பும் சேர்த்துக் கிண்டத் தொடங்கினோம். மரக்கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். பத்துக் கிலோ மிளகாய்க்கு மூன்று நான்கு கிலோ தேறினாலே அதிகம்.

கிடைப்பது இனிப்பும் புகையும் கலந்த, எண்ணெய் மினுங்கும் செம்மண் நிறக் குழம்பு. ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம், சீஸோடு சாப்பிடலாம், சுட்ட இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளலாம். காரம் வேண்டுமென்றால் காரமான மிளகாயைச் சேர்த்துச் செய்ததும் உண்டு. தென் செர்பியாவின் லெஸ்கோவாட்ஸ் வட்டார அய்வாருக்கு ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு அளிக்கப்பட்டிருக்கிறது. அந்த வட்டாரத்தில் டோன்யா லோகோஷ்னிட்சா என்ற சிற்றூருக்கு இலையுதிர் காலத்தில் போனால், வீட்டுச் சுவர்கள் தெரியாதபடி மிளகாய்ச் சரங்களைத் தோரணமாகக் காயவிட்டிருப்பதைப் பார்க்கலாம்.

பெயரைப் பற்றி ஒரு வேடிக்கை: மீன் முட்டையான கேவியரைக் குறிக்கும் துருக்கிச் சொல்லிலிருந்து வந்ததுதான் அய்வார். கடைசியில் அந்தப் பெயரை மிளகாய் எடுத்துக்கொண்டுவிட்டது. மிளகாயே அமெரிக்காவிலிருந்து ஒட்டோமான் துருக்கியர் வழியாக அங்கே வந்து சேர்ந்த பயிர் என்பதை நினைத்தால், இரவல் பெயரில் வாழும் இரவல் பயிர்.

செவாப்பி என்பது நம் ஊரில் கிடைக்கும் கபாப் தானே? அதில் பன்றி இறைச்சி கலப்பார்களா? (காயல்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்)

பெயரும் பிறப்பும் கபாப்தான். ஒட்டோமான் ஆட்சி விட்டுச் சென்றது. ஆனால் மசாலாவை எதிர்பார்க்காதீர்கள். கொத்திறைச்சியை உப்போடு பிசைந்து, ஒரு நாள் குளிரில் ஊறவைத்து, சுண்டுவிரல் நீளத்துக்கு உருட்டிக் கரியில் சுடுகிறார்கள். சுவையெல்லாம் இறைச்சியிலும் நெருப்பிலும்தான். ஐந்து அல்லது பத்துத் துண்டுகளை, பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயத்தோடும் 'லெபின்யா' என்ற மெத்தென்ற தட்டை ரொட்டியோடும் தருவார்கள். அதே கலவையை உள்ளங்கைகளுக்கு இடையில் தட்டி அகலத் தட்டையாக்கினால் அது 'ப்ளெஸ்காவிட்சா'. கைதட்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். லெஸ்கோவாட்ஸ்தான் இந்தக் கரியடுப்புக் கலையின் தலைநகரம். ஆண்டுதோறும் கோடை முடிவில் அங்கே நடக்கும் 'ரோஷ்டில்யியாதா' திருவிழாவில் தெருவின் நீளத்துக்கு அடுப்புகள் எரியும். மிஞ்சிய சுட்ட இறைச்சியை வெங்காயம், மிளகாய், தக்காளியோடு சேர்த்துச் செய்யும் 'முச்கலிட்சா' என்ற குழம்பும் அந்த ஊர்ச் சரக்கே.

பன்றி இறைச்சி கலக்கும் கடைகள் நாட்டில் நிறையவே உண்டு. கேட்காமல் சாப்பிடக் கூடாது. கவலையின்றிச் சாப்பிட வேண்டுமானால் தென்மேற்கில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நோவி பசாருக்குப் போக வேண்டும். அங்கே செவாப்பி மாட்டிறைச்சியில் செய்யப்படுவது. ஊருக்கே அதனால் பெயர். போனால் 'மான்டியே' என்ற பண்டத்தையும் விட்டுவிடாதீர்கள். கொத்திறைச்சி அடைத்த சின்னஞ்சிறு மாவுப் பொட்டலங்களை நெருக்கி அடுக்கிச் சுட்டுத் தயிரோடு தருவார்கள். காலைச் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள்.

'கைமாக்' என்பது வெண்ணெயா, சீஸா? (மதுரை வாசகி)

இரண்டுமல்ல, பாலாடை. காய்ச்சிய பாலை அகன்ற மரப் பாத்திரங்களில் ஊற்றி ஆறவிட்டு, மேலே படியும் ஆடையை எடுத்து, உப்புத் தூவி, ஒன்றன்மேல் ஒன்றாக மரத்தொட்டியில் அடுக்குகிறார்கள். ஓரிரு நாளில் எடுத்தால் இளங்கைமாக். இனிப்பாக, வெண்மையாக இருக்கும். வாரக்கணக்கில் புளிக்கவிட்டால் மஞ்சளாகி, உறைப்பாகிவிடும். சந்தையில் கிழவிகள் கத்தி நுனியில் கொஞ்சம் எடுத்து நீட்டுவார்கள். சுவைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மேற்கே உஜிட்செ வட்டாரத்தில் லெபின்யாவைப் பிளந்து, உள்ளே கைமாக்கும் முட்டையும் வைத்துச் சுட்டு, வறுத்த இறைச்சியின் சாற்றை மேலே ஊற்றித் தருகிறார்கள். அதைக் காலையில் சாப்பிட்டவர் மாலை வரை எதையும் தேடமாட்டார்.

சர்மா செய்வது எப்படி? இங்கே முட்டைக்கோஸ் வாங்கிச் செய்து பார்த்தேன், இலை கிழிந்துகொண்டே போனது, சுவையும் வரவில்லை. (திருச்சி வாசகி)

உங்கள் மேல் தவறில்லை. நீங்கள் பயன்படுத்தியது பச்சை முட்டைக்கோஸ். குளிர்கால சர்மாவுக்கு வேண்டியது புளித்த முட்டைக்கோஸ். இலையுதிர் காலத்தின் இறுதியில் முழுத் தலைகளாகவே தண்டைக் குடைந்து உப்பு நிரப்பி, பீப்பாயில் அடுக்கி, உப்புநீர் ஊற்றி, மேலே கல்லை வைத்து வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். இலை மெல்லிய தோல் போலத் துவண்டு, மடித்த இடத்தில் கிழியாமல் நிற்பதும், அந்தப் புளிப்பும் அங்கிருந்துதான் வருகின்றன. அதில் கொத்திறைச்சி, அரிசி, வெங்காயம் வைத்துச் சுருட்டி, புகையூட்டிய விலா எலும்புகளுக்கு நடுவே நெருக்கி அடுக்கி, மெல்லிய தீயில் மணிக்கணக்கில் விடவேண்டும்; கிண்டவே கூடாது, பானையைப் பிடித்துக் குலுக்கலாம். இரண்டாம் நாள் சூடாக்கிச் சாப்பிடும் சர்மாதான் சர்மா என்பதில் எல்லா வீட்டிலும் ஒரே கருத்து. பீப்பாயில் எஞ்சும் புளித்த நீருக்கு 'ரசோல்' என்று பெயர். முந்தின இரவு அளவு மீறிக் குடித்தவர்கள் காலையில் அதைத்தான் தேடுகிறார்கள்.

சுருட்டப் பொறுமையில்லாதவர்களுக்கு அதே முட்டைக்கோஸில் 'கல்யாணக் கோஸ்' உண்டு. பெரிய துண்டுகளாக வெட்டி, பலவகை இறைச்சிகளோடு ஆளுயரத்தில் பாதி இருக்கும் மண்பானைகளில் திறந்தவெளி நெருப்பருகே வைத்துக் காலை முதல் வேகவிடுவார்கள். பானைகள் பெரும்பாலும் உஜிட்செக்கு அருகில் ஸ்லாகுசா என்ற ஊரில் செய்தவை. களிமண்ணோடு பொடித்த கால்சைட் கல்லைக் கலந்து, கையாலேயே சுற்றும் சக்கரத்தில் வனைவதால் நேரடி நெருப்பைத் தாங்கும். அந்த வனைதொழிலை யுனெஸ்கோ 2020ஆம் ஆண்டு தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

புரெக் எங்கே நன்றாக இருக்கும்? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

காலையில், எந்தத் தெருமுனை பேக்கரியிலும். மெல்லிய மாவுத் தாள்களுக்கு இடையே இறைச்சியோ சீஸோ வைத்து வட்டத் தட்டில் சுட்டு, நான்காக வெட்டித் தருவார்கள். கையில் தம்ளர் தயிர் இருக்க வேண்டும், கரண்டியால் அல்ல, குடிக்கும் தயிர். போஸ்னியாக்காரரின் முன்னால் மட்டும் "சீஸ் புரெக்" என்று சொல்லிவிடாதீர்கள். இறைச்சி வைத்தது மட்டுமே புரெக், மற்றதெல்லாம் பீத்தா என்பது அவர்கள் கட்சி. முட்டை சாப்பிடுபவராக இருந்தால், சீஸும் முட்டையும் கலந்து மாவுத்தாளைக் கசக்கி அடுக்கிச் சுடும் 'கிபானிட்சா'வை புரெக்குக்கு மேலாகவே நான் பரிந்துரைப்பேன்.

பெல்கிரேடில் கேள்விக்குறியையே பெயராகக் கொண்ட ஓர் உணவகம் இருக்கிறதாமே? (வேலூர் வாசகர்)

கேள்வி–பதில் எழுதுபவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். இருக்கிறது, தலைமைத் தேவாலயத்துக்கு எதிரே, 1823இல் கட்டிய வீட்டில். 1892இல் உரிமையாளர் "தேவாலயத்தருகே" என்று பெயர் வைக்க முயன்றார். குடிக்கும் இடத்துக்குத் தங்கள் பெயரா என்று தேவாலயத்தார் எதிர்க்கவே, தற்காலிகமாக ஒரு '?' குறியைப் பலகையில் எழுதி மாட்டினார். அது அப்படியே நிலைத்துவிட்டது. தாழ்ந்த மேசை, முக்காலிகள். கிண்ணத்தில் மாட்டிறைச்சிச் சூப்போ பீன்ஸோ வாங்கி, கடைசியில் செப்புக் கெண்டியில் வரும் காபி குடிக்கலாம். துருக்கிக் காபி என்று நாம் சொல்வதை அவர்கள் 'டொமாச்சா', அதாவது நம் வீட்டுக் காபி, என்பார்கள்.

கராஜோர்ஜே கட்லெட் ஒரு போர்வீரர் கண்டுபிடித்ததா? (ஈரோடு வாசகர்)

இல்லை. 1804இல் ஒட்டோமான்களுக்கு எதிரான முதல் எழுச்சிக்குத் தலைமை தாங்கியவர் கராஜோர்ஜே. இந்தப் பண்டம் அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்தியது. 1950களில் பெல்கிரேடு சமையற்காரர் மிச்சா ஸ்டோயனோவிச் செய்தது. வெண்ணெய் வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் கீவ் பாணிக் கோழி கேட்ட விருந்தாளிக்குக் கோழி இல்லாமல் கன்றிறைச்சியில் கைமாக் வைத்துச் சுருட்டிப் பொரித்தார் என்பதே சொல்லப்படும் கதை. பழம்பெரும் மரபு என்று எண்ணிச் சாப்பிட வேண்டாம். நன்றாக இருக்கும் என்று எண்ணிச் சாப்பிடலாம்.

செர்பிய நண்பர் தம் வீட்டு 'ஸ்லாவா'வுக்கு அழைத்திருக்கிறார். எப்படி நடந்துகொள்ள வேண்டும்? (வியன்னாவில் வசிக்கும் வாசகர்)

நீங்கள் பேறுபெற்றவர், உணவகங்கள் தர முடியாத சாப்பாடு உங்களுக்குக் காத்திருக்கிறது. ஸ்லாவா என்பது ஒவ்வொரு குடும்பமும் தன் காவல் புனிதருக்கு எடுக்கும் ஆண்டு விழா. தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது, ஆகவே நம் குலதெய்வ வழிபாட்டை அறிந்தவருக்கு விளக்கவே வேண்டியதில்லை. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய முதல் செர்பிய மரபு இதுவே.

உள்ளே நுழைந்ததும் 'ஜிட்டோ' நீட்டுவார்கள். வேகவைத்த கோதுமையை அரைத்து, அக்ரூட் பருப்பும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்தது. சிலுவை அடையாளம் செய்யாவிட்டாலும் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட வேண்டும். சில வீடுகளில், ஸ்லாவா அல்லாத நாட்களிலும், முதலில் வருவது 'ஸ்லாட்கோ' தட்டு. அதில் முழுப் பழங்கள் பாகில் மிதக்கும் ஒரு கிண்ணம், ஒரு கோப்பையில் சுத்தமான கரண்டிகள், ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் இருக்கும். ஒரு கரண்டி மட்டும் எடுத்துச் சாப்பிட்டு, தண்ணீரைக் குடித்து, பயன்படுத்திய கரண்டியை வேறொரு கோப்பையில் போட வேண்டும். நான் முதல் முறை கிண்ணத்தையே கையில் வாங்கி மூன்று கரண்டி சாப்பிட்டுவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைகள் மட்டும் சிரித்தார்கள்.

அழைப்பு டிசம்பர் 19 என்றால் அது புனித நிக்கோலாஸ் நாள். மிகுதியான குடும்பங்களின் ஸ்லாவா அன்றுதான். கிறிஸ்துமஸ் நோன்புக்குள் விழுவதால் மேசை முழுவதும் போஸ்னோவாக இருக்கும்: மீன், பீன்ஸ், நோன்பு சர்மா, அக்ரூட் பலகாரங்கள். பிளம் பழத்தில் வடித்த 'ஷ்லீவோவிட்சா'வைச் சிறு குப்பியில் தருவார்கள். "ஜிவெலி" என்று சொல்லி எதிரிலிருப்பவரின் கண்ணைப் பார்த்துக் குடிக்க வேண்டும். குடிக்காதவர் உதட்டில் தொட்டு வைத்தால் போதும். தட்டைக் காலி செய்தால் இன்னும் வைப்பார்கள். போதும் என்றால் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

உலகிலேயே விலையுயர்ந்த சீஸ் செர்பியாவில்தான் என்கிறார்களே? (தஞ்சாவூர் வாசகி)

சாசவிட்சா இயற்கைக் காப்பகத்தில் கழுதைப் பாலில் செய்யும் 'பூலே'. ஒரு கிலோவுக்குச் சுமார் 25 லிட்டர் பால் தேவை. கழுதையோ சொற்பமாகத்தான் கறக்கும். விலையின் காரணம் இதுதான். குழந்தைக்குச் சங்கில் கழுதைப்பால் புகட்டிய நம் பாட்டிமார் விலையைக் கேட்டால் என்ன சொல்வார்களோ. அந்தப் பணத்துக்கு ஒரு குளிர்காலத்துக்கான அய்வார் வாங்கலாம்.

இங்கேயே, சைவமாக, எளிதாகச் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். (நெய்வேலி, புதுச்சேரி, திருநெல்வேலி உட்படப் பலர்)

'ப்ரெப்ரானாட்ஸ்' செய்யுங்கள். அரைக் கிலோ காய்ந்த வெள்ளை பீன்ஸ் வேண்டும். பட்டர் பீன்ஸ் கிடைத்தால் மிகவும் நல்லது. இரவு ஊறவைத்து, காலையில் ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பிரியாணி இலை போட்டு, மசியாமல் வேகவையுங்கள். பீன்ஸ் அளவுக்கே வெங்காயம் வேண்டும், அரைக் கிலோ. இதில் சிக்கனம் பார்த்தால் பண்டம் கெட்டது. அரை வட்டமாக நறுக்கி, தாராளமான எண்ணெயில் சிறுதீயில் அரை மணி நேரம், பொன்னிறமாகத் துவளும் வரை வதக்குங்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் ஒரு மேசைக்கரண்டி காரமில்லாத சிவப்பு மிளகாய்த்தூளைச் சேர்க்க வேண்டும். காஷ்மீரி மிளகாய்த்தூள் பொருந்தும், தீயில் சேர்த்தால் கசந்துவிடும். உப்பும் மிளகுத்தூளும் போட்டு, மண்சட்டியிலோ தட்டிலோ ஓர் அடுக்கு பீன்ஸ், ஓர் அடுக்கு வெங்காயம் என்று மாற்றி மாற்றி வைத்து, பீன்ஸ் வெந்த நீரை மூழ்காத அளவுக்கு ஊற்றி, 200 டிகிரி சூட்டில் முக்கால் மணி நேரம் சுடுங்கள். மேலே லேசாகப் பொருக்குத் தட்டினால் பதம். சூடாகவே ஆசைப்பட்டு முடித்துவிடாமல் பாதியை மூடிவைத்து, மறுநாள் காலை குளிர்ந்தபடியே ரொட்டியோடு சாப்பிட்டுப் பாருங்கள். எங்கள் கீழ்த்தள அம்மையார் அந்தப் பாதியைத்தான் தமக்கென்று எடுத்துவைப்பார்.